பூனையின் நொண்டல்

கொங்கு நாட்டு வீடுகளில் சோளத்தையும் கம்பையும் எலியினின்று காத்துவந்தது பூனை. அது நொண்டினால், மதிலிலிருந்து விழுந்திருக்கும் என்று வாளாவிருந்துவிடுகிறோம். சுளுக்காயின் சில நாளில் தணியும். வாரங்கள் கடந்தும் நொண்டல் மிகுந்து, எலும்பின்மேல் கடினமான வீக்கமும் தோன்றினால், முதிய பூனைக்கு எலும்புப் புற்றுநோயோ என்று ஐயுறல் வேண்டும். வலிக்கென்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அது பூனைக்கு நஞ்சு.

நாமக்கல்லில் 1985ஆம் ஆண்டில் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களை நாடுக. எக்ஸ்-ரே படம் எலும்பு அரிக்கப்பட்டிருப்பதைக் காட்டும். எலும்பில் சீழ் பிடித்தாலும் படம் அவ்வாறு தோன்றலாம். ஆதலின் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தே உறுதி கூறுவர். நோய் பரவியுள்ளதா என்றறிய நுரையீரலையும் படம் பிடிப்பர்.

நாயைக் காட்டிலும் பூனையிடத்து இந்நோய் குறைவாகவே பரவுகிறது. உரிய காலத்தில் கண்டறிந்து நோயுற்ற காலை அகற்றினால், எஞ்சிய மூன்று காலோடு அது ஆண்டுக்கணக்கில் வாழவும் கூடும்.