உங்களுக்குத் தெரியுமா? முகம் பார்க்கும் மூளை

ஒரு முகம் கண்ணில் பட்டதும், சுமார் 170 மில்லி செகண்டில் மூளையில் தனி மின்அலை ஒன்று உச்சம் தொடுகிறது. ஆட்டிசம் உள்ள பலரிடம் அது சற்றுத் தாமதமாகிறது.

2011-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆட்டிசம் உள்ள 12–18 வயதுப் பிள்ளைகளையும், ஆட்டிசம் இல்லாத அவர்களின் உடன்பிறப்புகளையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படுக்கவைத்து, சிரித்த முகங்களையும் உணர்ச்சி காட்டாத முகங்களையும் காட்டினார்கள். சிரித்த முகத்தைக் கண்டால் கூட வேண்டிய மூளைச் செயல்பாடு, ஆட்டிசம் உள்ளவர்களிடம் குறைந்திருந்தது. உண்மையான வியப்பு அடுத்ததுதான்: உடன்பிறப்புகளிடமும் அதே குறைவு தெரிந்தது! குடும்பத்தில் யாருக்குமே ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளிடம் அது இல்லை. குடும்பவழி மரபணுக்களுக்குப் பங்கு இருக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது.

பெற்றோர் பதற வேண்டாம். அந்த உடன்பிறப்புகளுக்கு ஆட்டிசம் இல்லை. ஆட்டிசத்தை மருத்துவர்கள் கண்டறிவதும் ஸ்கேனை வைத்தல்ல. குழந்தையின் வளர்ச்சியையும் நடத்தையையும் கவனித்துத்தான்.