நாயின் வயிறு கெட்டால்

வெள்ளறடை ஓர் எல்லை ஊர். கேரளத்தில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருக்கிறது. பக்கத்தில் பனச்சமூடு. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. மேடும் பள்ளமுமான நிலம். ரப்பர் தோட்டம், மரச்சீனி விளை, இடையிடையே வீடுகள். இரவில் காவலுக்கு நாய் வேண்டும். அதனால் பல வீடுகளில் நாய் உண்டு.

நாய்க்கு என்ன சாப்பாடு? வீட்டார் சாப்பிட்டு மிஞ்சியதுதான். சோறு, அவித்த மரச்சீனி, மீன் குழம்பு, சாளைத் தலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழி எலும்போ மாட்டெலும்போ கிடைக்கும். பெரும்பாலான நாய்கள் இதைத் தின்று நன்றாகவே இருக்கின்றன.

நாய் ஓநாயின் வழியில் வந்தது. ஓநாய் இறைச்சி தின்னும் மிருகம். அப்படியானால் நாய்க்குச் சோறு எப்படிச் செரிக்கிறது? 2013 இல் சுவீடன் நாட்டு அறிஞர்கள் இதை ஆராய்ந்து சொன்னார்கள். மாவுச் சத்தைச் செரிக்க ஒரு வகை நீர் உடலில் சுரக்க வேண்டும். அதற்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான் உண்டு. நாயிடம் 4 முதல் 30 வரை உண்டு. மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து நாய் சோற்றுக்குப் பழகிவிட்டது. சோறே நாய்க்கு ஆகாது என்று சிலர் சொல்வது சரியல்ல.

ஆனால் சில நாய்களுக்கு மட்டும் வயிறு ஓயாமல் கெடுகிறது. இரண்டு நாள் பேதி. பிறகு சரியாகும். மறுவாரம் மீண்டும் பேதி, வாந்தி. நாய் புல்லைத் தின்னும். வயிற்றில் கடமுட என்று சத்தம் கேட்கும். விலா எலும்பு தெரியும். சில நாய்கள் காதையும் பாதத்தையும் சொறிந்துகொண்டே இருக்கும். "அது நாய்தானே, தானே சரியாகும்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் பேதி தானே சரியாகலாம். 3 வாரத்துக்கு மேல் விட்டுவிட்டு வந்தால் அது நாள்பட்ட நோய். காரணம் தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது புழு. ரப்பர் தோட்டத்து மண் ஈரமானது. நிழலும் உண்டு. கொக்கிப் புழுவுக்கு இது நல்ல இடம். கொக்கிப் புழு நாயின் குடலைக் கடித்து இரத்தம் குடிக்கும். வாயைத் திறந்து ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது. நாயின் மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்து மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். அங்கே பரிசோதித்து, எடைக்குத் தகுந்த மருந்து தருவார்கள். நாயின் கொக்கிப் புழு, வெறும் காலோடு நடக்கும் குழந்தையின் தோலுக்குள்ளும் நுழையும். நெளிநெளியாகத் தடித்து அரிக்கும். ஆகவே இது நாயின் கவலை மட்டும் அல்ல.

அடுத்தது சாப்பாடு. எண்ணெயும் தேங்காய்ப்பாலும் ஊறிய கறி சில நாய்களுக்குக் கணையத்தைப் புண்ணாக்கும். கல்யாண வீட்டு மிச்சத்தைத் தின்ற மறுநாள் வாந்தி வருவது இதனாலும் இருக்கலாம். குழம்பில் உள்ளியும் வெள்ளைப்பூண்டும் இருக்கும். இவை அதிகமாகப் போனால் நாயின் சிவப்பு அணுக்கள் அழியும். பால் குட்டிக்குச் செரிக்கும். வளர்ந்தபின் பல நாய்களுக்குச் செரிக்காது. வேக வைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கலாம். பச்சை மரச்சீனியிலும் அதன் தோலிலும் விஷம் உண்டு. துண்டாக்கி, நன்றாக வேக வைத்து, தண்ணீரை ஊற்றிவிட்டே கொடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் நிறுத்தியும் பேதி நிற்கவில்லையா? அப்போது ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். சிலருக்கு இறால் சாப்பிட்டால் உடம்பு தடிக்கிறது அல்லவா? அது போலத்தான். நாய்க்குப் பெரும்பாலும் புதிய உணவு ஒவ்வாமை தருவதில்லை. நாள்தோறும் தின்று பழகியதே தரும். இதுதான் பலரை ஏமாற்றுகிறது. "இத்தனை வருடம் இதைத்தானே தின்றது!" என்பார்கள். 2016 இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு 297 நாய்களைப் பற்றிச் சொல்கிறது. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மாட்டிறைச்சி ஆகவில்லை. அடுத்தடுத்து வந்தவை பால் பொருள், கோழி, கோதுமை.

எது ஆகவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் வேலை, இதுவரை நாய் தின்றதை எல்லாம் எழுதுவது. சாளை, கோழி, மாடு, பால், பிஸ்கட், சப்பாத்தி என்று ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும். பிறகு அந்தப் பட்டியலில் இல்லாத ஓர் இறைச்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முயலோ வாத்தோ கிடைத்தால் நல்லது. அதை உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்து, ஒரே ஒரு மாவுப் பண்டத்தோடு கொடுக்க வேண்டும். அரிசிச் சோறு என்றால் அரிசிச் சோறு மட்டும்.

வயிற்றுக் கோளாறு என்றால் பெரும்பாலும் 2 வாரத்தில் மாற்றம் தெரியும். சொறியும் சேர்ந்திருந்தால் 8 வாரம் வரை பொறுக்க வேண்டும். நாள்தோறும் எழுத வேண்டும். என்ன தின்றது, மலம் எப்படி இருந்தது, வாந்தி உண்டா, இவ்வளவுதான்.

கஷ்டம் நாயிடம் இல்லை. மனிதரிடம்தான் இருக்கிறது. பாட்டி இரக்கப்பட்டு ஒரு மீன் தலையைப் போடுவார். குழந்தை பிஸ்கட் நீட்டும். பக்கத்து வீட்டில் எச்சில் இலை விழும். ஒரு வாய் போனாலும் பரீட்சை கெட்டுவிடும். அந்த நாட்களில் நாயைக் கட்டிப் போடுவதே நல்லது.

வயிறு சரியானபின் பழைய உணவை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் மீன் மட்டும் சேர்க்கலாம். பேதி வராவிட்டால் மீன் குற்றவாளி அல்ல. அடுத்த வாரம் கோழி. பேதி திரும்பினால் ஆகாத பொருள் அகப்பட்டுவிட்டது. அதை மட்டும் ஆயுள் முழுதும் தவிர்த்தால் போதும்.

அல்சேஷன் நாய் வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாய் நிறையத் தின்னும். ஆனால் மெலிந்துகொண்டே போகும். மலம் வெளுத்து, நிறையப் போகும். அந்த இனத்தில் கணைய நீர் சுரக்காத நோய் அதிகம். அதற்கு உணவில் கலந்து கொடுக்கும் தூள் உண்டு. டாக்டர் எழுதித் தர வேண்டும்.

பேதி நடக்கும்போது தண்ணீரை நிறுத்தக் கூடாது. காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். கழுத்துத் தோலைப் பிடித்து விட்டால் உடனே படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் உடலில் நீர் வற்றிவிட்டது. வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. மனிதருக்கு நல்லது செய்யும் மாத்திரை நாயைக் கொன்றுவிடலாம்.

குட்டி நாய் வாந்தி எடுத்து, இரத்தமாகப் பேதி போனால் பரீட்சைக்கு எல்லாம் நேரமில்லை. அது பார்வோ நோயாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கினால் இந்த நோயைத் தடுக்கலாம்.

இன்னும் ஒன்று. நாய் விழுங்க முடியாமல் திணறும். எச்சில் வடியும். தாடை தொங்கும். தொண்டையில் மீன் முள் சிக்கியது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுகிறார்கள். வெறிநோயும் இதே போலத்தான் தோன்றும். வெறி பிடித்த எல்லா நாயும் பாய்ந்து கடிக்காது. சில நாய்கள் ஊமை போல ஒடுங்கிக் கிடக்கும். ஆகவே கையை விடவே கூடாது. நாயைத் தனியே அடைத்துவிட்டு மிருக டாக்டரை அழைக்க வேண்டும். ஏற்கெனவே கையை விட்டவர் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு, காயம் தெரியாவிட்டாலும், அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் தடுப்பூசி கேட்க வேண்டும்.