தேகமே மூலதனம்

ரக்பி என்னும் பந்தாட்டம், இங்கிலாந்திலுள்ள ரக்பி பள்ளிக்கூடத்தின் பெயரால் வழங்குவது. ரக்பி யூனியன் முறையில் ஒரு கட்சிக்குப் பதினைந்து பேர் ஆடுவர். முட்டை வடிவமான பந்தைக் கையிலேந்தி ஓடி, எதிர்க்கட்சியாரின் கோட்டிற்கு அப்பால் தரையிற் பதிப்பதற்கு 'டிரை' என்று பெயர். பந்தேந்தி வருவோரைக் கட்டிப்பிடித்து வீழ்த்தலாம்.

இவ்வாட்டத்தை வேதனம் பெற்று ஆடலாமா என்பது நெடுங்காலம் ஒரு வழக்காயிருந்தது. வட இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தோர், ஆடச் சென்ற நாட்களில் கூலியை இழந்தனர். அந்நஷ்டத்தை ஈடு செய்யத் தலைமைச் சங்கம் இணங்காமையால், 1895-ஆம் ஆண்டில் அப்பகுதிக் கழகங்கள் பிரிந்து சென்றன. அவை வளர்த்த ஆட்டமே பின்னர் ரக்பி லீக் எனப் பெயர் பெற்றது. யூனியனோ மேலும் நூறாண்டு கழித்து, 1995 ஆகஸ்டு 26-ஆம் தேதி, பாரிஸ் நகரில்தான் தன் விலக்கை நீக்கிற்று. அன்று முதல் அவ்வாட்டம் ஒரு ஜீவனோபாயமாயிற்று.

இத்தொழிலின் பெருமையையும் அபாயத்தையும் ஒருங்கே காட்டுவது ஜோனா லோமு என்பாரின் சரித்திரம். டோங்கா தீவினரான பெற்றோருக்கு 1975-இல் ஆக்லாந்து நகரில் பிறந்த இவர், 1994-இல், பத்தொன்பதாம் வயதிலேயே நியூஸிலாந்துக் கோஷ்டியில் இடம் பெற்றார். ஆறடி ஐந்தங்குல உயரமும், நூற்றுப் பத்துக் கிலோவிற்கு மேற்பட்ட எடையும் உடையவராயினும், ஓட்டத்தில் மின்னலை ஒத்தவர். 1995 ஜூன் மாதம் கேப்டவுனில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்திற்கெதிராக நான்கு டிரைகள் எடுத்தார். இரண்டு மாதங்களில் வேதனத்திற்கு வழி திறந்தது. ஆனால் அவ்வாண்டு முடியுமுன்னரே, அவருடைய சிறுநீரகங்களைக் கொடிய நோய் பற்றியிருப்பது தெரிந்தது. வேதனம் வந்த ஆண்டிலேயே வியாதியும் வந்தது!

எனினும் அவர் தளர்ந்தாரில்லை. 1999-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் எட்டு டிரைகள் எடுத்தார். நாட்டிற்காக ஆடிய 63 ஆட்டங்களில் அவர் எடுத்தவை 37. அவற்றுள் கடைசி ஆட்டம் 2002-இல் நிகழ்ந்தது. 2004-இல் நண்பரொருவர் ஈந்த சிறுநீரகத்தால் புத்துயிர் பெற்று, மறு ஆண்டே கார்டிஃப் கழகத்திற்காக மீண்டும் களமிறங்கினார். அச்சிறுநீரகமும் பின்னர் பழுதுற, 2015-இல் நாற்பதாம் வயதில் காலமானார்.

நோயில்லாதவருக்கும் இத்தொழில் அபாயமற்றதன்று. 2003-இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்துக் கோஷ்டியைச் சேர்ந்த ஸ்டீவ் தாம்ஸன், அவ்வெற்றியே தமக்கு நினைவில்லையென 2020-இல் வெளிப்படையாகக் கூறினார். தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அடிகளே அம்மறதி நோய்க்குக் காரணமென்பது அவர் கூற்று.

வக்கீலுக்கும் வைத்தியருக்கும் வயது ஏற ஏற மதிப்பு ஏறும். ஆட்டக்காரருக்கோ முப்பது வயதைத் தாண்டியதும் இறங்கத் தொடங்கும். பிற தொழிலாளர் கருவி தேய்ந்தால் வேறு கருவி வாங்குவர். ஆட்டக்காரரின் கருவி அவருடைய தேகமே. ஆதலால், ஆடும் காலத்திலேயே வேறு கல்வியும் கைத்தொழிலும் பயின்று வைக்குமாறு ஆட்டக்காரர் சங்கங்கள் அவர்களைத் தூண்டுகின்றன. மைதானத்தில் எழும் ஆரவாரம் சில ஆண்டுகளில் அடங்கிவிடும். அதன்பின் வாழவேண்டிய ஆண்டுகளே அதிகம்.