குளிர்நீரில் ஒரு குழந்தைப் பருவம்

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய மூன்று தேசங்களின் எல்லையில் பரந்து கிடக்கும் கான்ஸ்டன்ஸ் ஏரியிலே, ஃபெல்ஷென் என்று அப்பிரதேசத்து மக்கள் அழைக்கும் வெள்ளி நிற மீன், டிசம்பர் மாதக் குளிரில் முட்டையிடுகிறது. அம்முட்டைகளைச் சேகரித்து, அடியிலிருந்து குளிர்நீர் இடையறாது மேலெழும் கண்ணாடிக் குடுவைகளில் இட்டுக் காத்துவந்தால், குளிர்காலம் கழியும் தருணத்தில், ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளமே உள்ள, ஒளி ஊடுருவும் மெல்லுடல் படைத்த குஞ்சுகள் வெளிப்படுகின்றன.

மஞ்சட்கருவின் சேமிப்போ சொற்பம்; இரைப்பை இன்னும் உருப்பெறாத அச்சிசுக்களுக்கு உலர்தீவனம் எளிதில் ஜீரணமாவதில்லை. ஆகவே, அசையும் இரையைக் கண்ணால் கண்டு கவ்வும் அவற்றின் சுபாவத்தை அனுசரித்து, உப்புநீரில் பொரித்தெடுத்த ஆர்டீமியா என்னும் மிகச்சிறு ஓட்டுடலியின் குஞ்சுகளைப் பகற்பொழுதில் சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டி, பின்னரே உலர்தீவனத்துக்குப் படிப்படியாகப் பழக்குகின்றனர். போலந்து நாட்டு ஏரிகளிலோ, மிதக்கும் வலைக்கூண்டுக்குள் இரவில் விளக்கேற்றி வைக்க, அவ்வொளியை நாடி வரும் மிதவை உயிரினங்களே குஞ்சுகளுக்கு ஆகாரமாகின்றன.

2024 முதல் 3 ஆண்டுகளுக்குப் பிடிப்பதையே தடை செய்யுமளவுக்கு கான்ஸ்டன்ஸ் ஏரியில் அருகிவிட்ட அம்மீனினத்துக்கு, இத்தகைய பொறுமை மிக்க போஷணை ஓர் உயிர்க்கொடையன்றோ!