பூனைக்கண்ணும் கேளாச் செவியும்

உடல் முழுக்க வெள்ளை, கண் நீலம். இப்படி ஒரு பூனை இருந்தால் பெரும்பாலும் அதற்குக் காது கேட்காது. டார்வினே 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். நிறத்துக்கும் செவிக்கும் என்ன உறவு என்பதுதான் அப்போது விளங்கவில்லை.

மனிதரிலும் அந்த உறவு உண்டு என்பதை 1951இல் விரிவாக எழுதியவர் பெட்ரஸ் யோஹானஸ் வார்டன்பர்க். நெதர்லாந்துக் கண் மருத்துவர். பிறவியிலேயே காது கேளாத சிலரிடம் வேறு சில அடையாளங்களும் சேர்ந்தே வருவதை அவர் கவனித்தார்: முன்னுச்சியில் ஒரு வெள்ளை முடிக்கற்றை, பளிச்சென்ற நீலக்கண் அல்லது ஒரு கண் நீலம் மறு கண் பழுப்பு, அகன்று தெரியும் மூக்குத்தண்டு. சுமார் 42,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்றும் கணக்கிட்டார். வார்டன்பர்க் நோய்க்குறித்தொகுப்பு என்று அவர் பெயராலேயே இன்று இது வழங்குகிறது.

சரி, நிறம் குறைந்தால் காது ஏன் கேட்காமல் போக வேண்டும்?

கருவின் முதுகுப்புறம் நரம்புக்குழாய் உருவாகும் இடத்தில் ‘நரம்பு முகடு’ என்னும் செல்கூட்டம் தோன்றுகிறது. அங்கிருந்து புறப்படும் நிறமிச் செல்கள் தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் போகின்றன. ஒரு பிரிவு உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்கும் போகிறது. இருட்டறையான அந்த இடத்தில் நிறத்துக்கு என்ன வேலை? அங்கே அவை மின்கலம் நடத்துகின்றன. காக்ளியாவின் திரவத்தில் பொட்டாசியம் அயனிகளைக் குவித்து, ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை நிலைநிறுத்த இவை வேண்டும். ஒலியை நரம்புச் சைகையாக்கும் செல்கள் அந்த மின்சாரத்தை நம்பித்தான் இயங்குகின்றன. நிறமிச் செல்கள் வந்து சேராவிட்டால் மின்கலம் இல்லை. ஒலி வாசல்வரை வந்து நின்றுவிடும்.

அப்படியானால், நிறமே இல்லாமல் பிறப்பவர்களுக்கும் காது கேட்கக் கூடாதே? அவர்களுக்குப் பெரும்பாலும் நன்றாகவே கேட்கிறது. அவர்களிடம் செல்கள் இடம்போய்ச் சேர்ந்துவிடுகின்றன. மெலனின் மட்டும் தயாராவதில்லை. காதுக்கு வேண்டியது செல்தான், சாயம் அல்ல. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

வார்டன்பர்க் நோய்க்குறித்தொகுப்பிலோ, நிறமிச் செல்களின் பிறப்பையும் பயணத்தையும் நடத்தும் மரபணுக்களில் பிழை நேர்வதே காரணம். அதன் முதல் வகையில் பாக்ஸ்3 என்னும் மரபணு. இரண்டாம் வகையில் எம்ஐடிஎஃப், சாக்ஸ்10 போன்றவை. பெரும்பாலும் தாய் தந்தையரில் ஒருவரிடம் பிழை இருந்தாலே ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. நான்காம் வகை வேறு மாதிரி. வெள்ளை முடிக்கற்றையோடு பெருங்குடலில் நரம்புச் செல்களும் இல்லாமல் பிறந்த 12 குழந்தைகளைப் பற்றி 1981இல் ஷா என்ற இந்திய மருத்துவரும் சகாக்களும் எழுதினார்கள். அந்த வகைக்கு ஷா-வார்டன்பர்க் என்றே பெயர். குடலின் நரம்புச் செல்களும் அதே நரம்பு முகட்டிலிருந்து வருபவைதான்.

ஒரே பிழை ஒரே குடும்பத்துக்குள் ஒரே மாதிரி வெளிப்படுவதில்லை. பாட்டிக்கு வெறும் இளநரை, மாமாவுக்குப் பூனைக்கண், பேத்திக்குச் செவி கேளாமை. தனித்தனியாகப் பார்த்தால் முதலிரண்டையும் யாரும் நோயென்று நினைக்கமாட்டார்கள், அழகென்றுகூடச் சொல்வார்கள். பேத்திக்குச் செவிநரம்பு பெரும்பாலும் நலமாகவே இருக்கும் என்பதால் காக்ளியர் இம்பிளான்ட் நல்ல பலன் தருவதுண்டு. ஆனால் பேச்சு உருவாகும் வயது கடப்பதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். அதனால் குழந்தையைக் காட்ட வந்த குடும்பத்தில் பெரியவர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது: டை அடிக்கத் தொடங்கும் முன் உங்கள் முன்னுச்சி முடி என்ன நிறத்தில் இருந்தது?