கற்பிட்டிக்கு ஒருநாட் சுற்றுலா: திட்டமிடும் முறை

ஒருநாட் சுற்றுலாவில் இடங்களைத் தெரிவுசெய்வது மட்டும் போதாது. அவற்றை ஒழுங்குபடுத்துவதும் அவசியமாகும். புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டியை உதாரணமாகக் கொள்வோம்.

1. பருவம்: தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் இங்கு கடல் கொந்தளிக்கும். எனவே டொல்பின்களைப் பார்க்க நவம்பர் முதல் ஏப்ரல் வரையான காலமே உகந்தது.

2. நேரம்: காற்று வலுக்குமுன், காலையிலேயே படகுப் பயணத்தை முடிக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி இன்றிப் படகேறலாகாது.

3. அனுமதி: ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்த கோட்டை, கடற்படை முகாமை அண்டியுள்ளது. ஆகவே பார்வையிடும் அனுமதியை முன்னரே உறுதிசெய்க.

4. வழி: தலவில புனித அன்னாள் ஆலயம் பாலாவிக்கும் கற்பிட்டிக்கும் இடையில் உள்ளதால், திரும்பும்போது அங்கு செல்லலாம். மார்ச், ஆகஸ்ட் திருவிழாக் காலங்களில் சனநெரிசல் ஏற்படுவதால் மேலதிக நேரம் ஒதுக்குக.

நேரம் போதாவிடின் ஓர் இடத்தைக் கைவிடலாம், பாதுகாப்பைக் கைவிடலாகாது. விடையெழுதும்போது ஒவ்வொரு தீர்மானத்திற்கும் காரணம் காட்டுக.