பஸ்ஸில் போய் வந்த வெளிநாடு

நண்பர்களே, அரையாண்டு லீவில் நாங்கள் நாலு பேர் வெளிநாடு போய் வந்தோம் என்றால் நம்புவீர்களா? விமானம் ஏறவில்லை. ஒலக்கூரில் பஸ் ஏறி திண்டிவனம், அங்கே மாறி பாண்டிச்சேரி. அவ்வளவுதான்.

“பாண்டி எப்படிடா வெளிநாடு?” என்று கேட்பது தெரிகிறது. 1954 வரைக்கும் அது வெளிநாடுதான். எப்படி என்று சொல்கிறேன்.

கோரிமேடு வந்ததும், கூட வந்த நண்பனின் சித்தப்பா, “பாஸ்போர்ட்டை எடுங்கடா” என்றார். சிரித்தோம். “சிரிக்காதீங்க. அந்தக் காலத்துல எல்லையில சுங்கச் சோதனை உண்டு. இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஆட்சி, அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி” என்றார்.

பிரெஞ்சுக்காரர்கள் வியாபாரத்துக்காக 1674-ல் இங்கே குடியேறினார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். பிறகு மறுபடியும் கட்டப்பட்டது. 1947-ல் நமக்குச் சுதந்திரம் வந்தபோதும் பாண்டிக்கு வரவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுதாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் ஒரு பேக்கரி. முழங்கையை விட நீளமான ரொட்டி! மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. மூன்று பேர் பிய்த்துத் தின்றோம். நாலாவது நண்பன் தொடவே இல்லை. “எங்க ஆயாவ ஜிப்மர்ல சேத்தப்ப பத்து நாளு ரொட்டிதான் தின்னேன். ரொட்டின்னாலே ஆஸ்பத்திரி ஞாபகம் வருது” என்றான். நம்ம ஊரில் காய்ச்சல் வந்தால்தானே ரொட்டி. பிரான்ஸ் நாட்டில் அது தினசரி உணவு, நமக்குச் சோறு மாதிரி. அந்த ஜிப்மருக்கும் மூலம் 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான். அவன் பாண்டிக்குப் பல தடவை வந்தவன். ஆனால் கடலைப் பார்த்ததே இல்லையாம்!

ஊருக்கு நடுவே பெரிய வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. கடல் பக்கம் வெள்ளைக்காரர்கள் வாழ்ந்த பகுதி. உயரமான மதில், பெரிய கேட். இந்தப் பக்கம் தமிழர் பகுதி. தெருவைப் பார்த்த திண்ணை, தாழ்வாரம். மத்தியானம் இந்தப் பக்கம்தான் மீன்குழம்பு சாப்பாடு. ருசி அப்படியே நம்ம வீட்டுக் குழம்பு!

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. ஆங்கிலேயர் கைது செய்வார்கள் என்ற நிலையில் 1908-ல் பாண்டிக்கு வந்தார். பிரெஞ்சு எல்லைக்குள் வந்து அவரைக் கைது செய்ய அவர்களால் முடியாது. குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் இங்கே எழுதியவைதான். பத்து வருஷம் கழித்து, 1918-ல் எல்லையைத் தாண்டியதும் கடலூர் பக்கத்தில் கைதானார். ஒரு கோடு எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்.

இன்னொரு ஆச்சரியம். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள். அப்படி வைத்துக்கொண்ட தமிழர்களின் வாரிசுகள், பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தலுக்குப் பாண்டியிலேயே ஓட்டுப் போடுகிறார்கள்.

சாயங்காலம் கடற்கரை. காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கல் தூண்கள். நம் மாவட்டத்துச் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை என்று சொல்கிறார்கள். சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே பார்த்தோம். அந்த நண்பன் மட்டும் தூண் பக்கம் திரும்பவில்லை. சுண்டல் ஆறும்வரை கடலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் “இருங்கடா” என்று ஓடினான். கையில் ஒரு நீள ரொட்டியோடு வந்தான். “ஆயாவுக்கு. நல்லா இருக்கறப்ப ஒரு தடவ தின்னட்டும்” என்றான்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் பாண்டி என்றால் ஜிப்மர் மட்டும்தான். அடுத்த முறை ஆஸ்பத்திரி வேலை சீக்கிரம் முடிந்தால், அப்படியே டவுன் பஸ் ஏறிக் கடற்கரை வரைக்கும் போய் வாருங்கள். பெரியவர்களையும் கூட்டிப்போங்கள். பாஸ்போர்ட் வேண்டாம்!

— பதினோராம் வகுப்பு மாணவன்